பட்டையில் ஈரம்

“அனு, மரம் காஞ்சிருக்கா?”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இராஜம் அக்கா கேட்டாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பது கூரையை எட்டாத சுவர்தான். இருமினால்கூடக் கேட்கும்.

அனுஷியா பின்கதவைத் திறந்தாள். வெளியே நிற்கும் ரப்பர் மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது தினமும் அவள் வேலை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டப் போவதில் பயனில்லை. ஈரத்தோடு வழிந்து வீணாகிவிடும்.

கையை வைத்தாள்.

“ஈரமா இருக்கு அக்கா. படுங்க.”

பொய். பட்டை நன்றாகக் காய்ந்திருந்தது.

எல்லாம் கதை எழுதுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றால் வந்தது. எழுந்ததும் முதல் வேலையாக எழுதுங்கள், தினமும் எழுதுங்கள், நாளே மாறிவிடும் என்று ஒருவர் குரல் பதிவு போட்டிருந்தார். அவருக்கென்ன, தேநீரை யாராவது கையில் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள்.

ஆனாலும் அனுஷியா விடாமல் பிடித்துக்கொண்டாள். அக்கா கூப்பிடும்வரை கிடைக்கிற கொஞ்ச நேரத்தில், போர்வைக்குள் கைபேசியில் இரண்டு வரியாவது தட்டிவிடுவாள். அவளுக்கென்று இருந்தது அந்தப் பொழுது ஒன்றுதான்.

இன்று கதை முடியப் போகிறது. இப்போது எழுந்து போனால் சாயங்காலம் அந்த முடிவு மனதில் இருக்காது. அதனால்தான் பொய் சொல்லிவிட்டாள்.

அந்த லயத்தில் இன்னும் பால் வெட்டப் போவது அவர்கள் இரண்டு பேர்தான். காட்டுப்பன்றிக்குப் பயந்து மேல்மலைக்குச் சேர்ந்தே போவார்கள். ஒருத்தி போகாவிட்டால் மற்றவளும் போவதில்லை. அன்றைக்கு இருவருக்கும் வேலைக்கு வந்ததாகப் பேர் விழாது, கூலியும் கிடையாது.

அனுஷியாவுக்குக் கொழும்பிலிருந்து கணவன் பணம் அனுப்புவான். அக்காவுக்கு அனுப்ப யாருமில்லை. வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும்.

அதை நினைக்காமலிருக்க வேகமாகத் தட்டினாள். அந்தப் பக்கம் கதவு கிரீச்சிட்டது. கக்கூசுக்குப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கதையில் ஒருத்தி இருட்டில் தனியாக மலை ஏறிக்கொண்டிருந்தாள். அவளுடைய பயத்தை எப்படிச் சொல்வது என்று அனுஷியா யோசித்தாள், அழித்தாள், மறுபடியும் எழுதினாள்.

முடித்து அனுப்பியபோது விடிந்திருந்தது. சந்தோஷம் வரவில்லை.

உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதி மரமாவது வெட்டலாம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது.

வாளியை எடுத்துக்கொண்டு மேல்மலைக்கு ஓடினாள்.

அவளுக்கு ஒதுக்கியிருந்த மரங்களில் முதலாவதில் பால் சிரட்டைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மரத்திலும். அதற்கடுத்ததிலும்.

கடைசி வரிசையில், அவளுடைய கடைசி மரத்தை இராஜம் அக்கா வெட்டிக்கொண்டிருந்தாள்.

பாதைக்கு அந்தப் பக்கம் அக்காவின் மரங்களில் கத்தியே படவில்லை. சிரட்டைகள் காலியாக இருந்தன. வெயில் ஏறிவிட்டது. இனிமேல் வெட்டினாலும் பால் சரியாக இறங்காது.

“நீ ஏன் எந்திரிச்சு வந்த?” என்றாள் அக்கா. “வெளிய வந்து தொட்டுப் பார்த்தேன், மரம் காஞ்சு கெடந்துச்சு. அப்பவே தெரிஞ்சிருச்சு, ஒனக்குக் காய்ச்சல்னு. வேர்த்த கையில எதத் தொட்டாலும் ஈரமாத்தானே தெரியும். ஒம் பேரு போயிரக் கூடாதுன்னு ஒம் மரத்த மொதல்ல வெட்டுனேன்.”

அனுஷியா வாயைத் திறந்தாள். “அக்கா, எனக்கு…”

அதற்குள் அக்கா அவள் நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டாள். மலை ஏறி ஓடிவந்த நெற்றி.

“நல்லா வேர்த்துருச்சு. இனி காய்ச்சல் விட்டுரும்.”

தன் முழங்கால் வலிக்கு மடியில் முடிந்து வைத்திருந்த பெனடோல் மாத்திரையை அவிழ்த்து அவள் கையில் வைத்தாள். அது ஒன்றுதான் இருந்தது.

“போட்டுக்கிட்டு போய்ப் படு.”

தண்ணீர் இல்லை. அனுஷியா அதை அப்படியே விழுங்கினாள்.