ஈர முந்தானை

"ஒன்னுக்குப் போனாரா?" என்று கேட்டேன்.

"நேத்துலேருந்து சொட்டுகூட இல்லீங்க," என்றாள் பாப்பாயி. புருஷன் அழகேசனின் பாயை விட்டு அவள் நகரவே இல்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம். குரும்பலூருக்கு வெளியே காலராக் கொட்டகை போட்டு ஐந்தாவது நாள். பாட்டில் வாங்க அரியலூர் போன டாக்டர் இன்னும் திரும்பவில்லை. நரம்பில் ஏற்றும் உப்புநீர் ஒரு பாட்டில்தான் மிச்சம். கம்பவுண்டர் நான் ஒருவன்.

வாந்தியிலும் பேதியிலும் உடம்பு தண்ணீரையும் உப்பையும் இழக்கிறது. மிச்சத்தைக் காப்பாற்றச் சிறுநீரை நிறுத்திக்கொள்கிறது. மறுபடி சிறுநீர் போய்விட்டால் ஆள் பிழைத்தான். பாட்டிலை அடுத்த பாய்க்குக் கொண்டுபோ என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அடுத்த பாயில் அமாவாசையின் மகள் குஞ்சம்மாள். ஏழு வயது.

கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. கரண்டியில் ஊற்றிய உப்புக் கஞ்சி கடைவாயில் வழிந்தது.

பேதிக்குத் தண்ணீர் காட்டினால் பேதி கூடும் என்பது ஊர் நம்பிக்கை. அமாவாசை இரண்டு நாள் அவள் வாயை நனைக்காமல் வைத்திருந்து தூக்கி வந்திருந்தான்.

"தண்ணி தண்ணின்னுதான் கேட்டுச்சுங்க. நாந்தான் குடுக்கல." காலையிலிருந்து அமாவாசை இதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் கையில் மூன்று முறை ஊசி குத்திப் பார்த்தேன். நரம்பு அகப்படவில்லை. நூல்போல ஒடுங்கிக் கிடந்தது. மூன்றாவது முறை ஊசி வழுக்கிப் போனது. நான் தூங்கி எத்தனை நாள் என்று நினைவில்லை.

அழகேசனின் நரம்பு மேலே தெரிந்தது. ஒரே குத்தில் ஏறிவிட்டது.

பாப்பாயி முந்தானையைச் சுருட்டி மடிக்குள் அழுத்திக்கொண்டாள். அது நனைந்திருந்தது.

"அழுவாதம்மா," என்றேன், அமாவாசையின் காதில் விழும்படி.

பாட்டிலில் நீர் இறங்கத் தொடங்கியது. அமாவாசை மகளின் கையைத் தடவிக்கொண்டே அதைப் பார்த்தான்.

பாப்பாயி அழவில்லை.

அவள் முந்தானையில் இருந்தது, ஐந்து நாளாக அந்தக் கொட்டகையில் நாங்கள் எல்லோரும் காத்திருந்த மூத்திர வாடை. அழகேசனின் பாயருகே குனிந்ததுமே எனக்கு வந்துவிட்டது.

குத்தாத ஊசி அப்போது என் கையில்தான் இருந்தது.