வலப்பக்கத்துக்காரன்

மரகதத்தின் இடது காலும் வலது காலும் ஒன்றாகப் பிறந்து ஒன்றாகவே நடந்தவை. ஒரு விபத்தில் வலது கால் போய்விட்டது. அந்த இடத்துக்கு ஒரு செயற்கைக் கால் வந்து சேர்ந்தது.

இடது காலுக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. உடம்பின் பாரத்தை அதனிடம் விட்ட மறுகணமே பதறித் தரையில் இறங்கிவிடும். அதனால் மரகதம் நொண்டி நொண்டி நடந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் என்னை நம்பிப் பாரத்தை விடேன்" என்றது செயற்கைக் கால்.

"முன்னே இருந்த வலப்பக்கத்துக்காரன் குதிகாலை ஊன்றி, பாதத்தை உருட்டி, பெருவிரலால உந்தி என்னை அனுப்பி வைப்பான். உனக்கு விரல்கூட அசையாதே!" என்றது இடது கால்.



ஒரு மழை நாளில் வழியை மறித்துத் தண்ணீர் ஓடியது. மரகதம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய எட்டாக எடுத்து வைத்தாள். இடது கால் அந்தரத்தில் இருந்த நேரமெல்லாம் செயற்கைக் கால் முழு உடம்பையும் தாங்கி நின்றது. இடது கால் மறுபக்கத்து ஈர மண்ணில் மெல்ல இறங்கியது.

"மண் எப்படி இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பின்னாலிருந்து கேட்டது செயற்கைக் கால்.

"சில்லுன்னு இருக்கு. அவனுக்கு இது ரொம்பப் பிடிக்கும்." இடது காலின் குரல் உடைந்தது.

"அவனைப் பத்திச் சொல்லேன். கேட்டுக்கிட்டே வர்றேன்."

இடது கால் சொல்லத் தொடங்கியது. வீடு வரைக்கும் மரகதம் நொண்டவில்லை.