மூன்றாவது வாரத்துக் கொலை

கொலையை மூன்றாவது வாரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நெரெய்தா சொன்னதும், மண்டபத்தில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவரவர் பலகையில் கிடந்த புகையிலையை நீவிவிட ஆரம்பித்தார்கள்.

"முதல் ரெண்டு வாரம் உங்க இஷ்டப்படியே மாயாஜாலக் கதை. பறக்குற பாம்பு, பேசுற குதிரை, சூனியக்காரி எல்லாம் வரும்," என்றாள். "அப்புறம் ரெண்டு வாரம் கொலைக் கதை. ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்."

கியூபாவின் அந்தச் சுருட்டாலையில், மேடையில் மைக் முன்னால் உட்கார்ந்து தொழிலாளர்களுக்கு வாசித்துக் காட்டுவதுதான் அவள் வேலை. காலையில் செய்தித்தாள், சாப்பாட்டுக்குப் பிறகு நாவல். அடுத்த மாதம் எந்த நாவல் என்பதைத் தொழிலாளர்கள்தான் கையைத் தூக்கி முடிவு செய்வார்கள்; அதில் மேனேஜர்கூட மூக்கை நுழைக்க முடியாது.

அர்செனியோ செத்த நாளிலிருந்து கொலைக் கதைக்கு ஒரு கைகூட உயர்ந்ததில்லை. அவன் நெரெய்தாவின் அண்ணன். அதே ஆலையில் சுருட்டுகளைத் தரம் பார்க்கும் சோதனையாளன். கிடங்கில் புகையிலைக் கட்டுகள் சரிந்து, அவற்றின் அடியில் நசுங்கிக் கிடந்தான். தன் மனம் நோகக் கூடாதென்றுதான் பாவம் இவர்கள் கொலைக் கதையே வேண்டாம் என்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

விபத்து என்று சொல்லி போலீஸ் கையைக் கழுவிவிட்டது. நெரெய்தா நம்பவில்லை. சுவரோடு சுவராக அடுக்கிக் கட்டிய பாரம் எங்காவது தானாகச் சரியுமா?

அண்ணன் ஒன்றும் தங்கக் கம்பி இல்லை. பிடிக்காத சுருட்டை, அதைச் சுருட்டியவர் கண்ணெதிரிலேயே ஒடித்துப் போடுவான். வீட்டுக்கு ரெண்டு சுருட்டை மறைத்து எடுத்துப் போன ஒருத்தியைக் காட்டிக்கொடுத்து ஜெயிலுக்கே அனுப்பினான். ஊருக்கு ஆகாதவன்தான், ஆனால் அவளைத் தூக்கி வளர்த்தவன், அவளுக்கென்று இருந்த ஒரே உறவு. அவனைக் கொன்றவன் யாரென்று தெரியாமல் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

அவள் சந்தேகமெல்லாம் பெர்மின் மேல். அண்ணன் போட்டுக்கொடுத்ததால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, அண்ணன் செத்த வாரம் முழுக்க வீட்டில் கிடந்தவன். அவனை ஒரு கை பார்க்காமல் விடமாட்டேன் என்று மதுக்கடை மதுக்கடையாகக் கறுவியவன். பின்வாசல் வழியாகக் கிடங்குக்குள் நுழைய எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இப்போது முதலில் கையைத் தூக்கியவனும் அவன்தான். "எனக்குக் கொலையே போடும்மா. சூனியக்காரியைப் பாக்கணும்னா நான் வீட்டுலயே இருந்திருப்பேனே," என்றான். சொல்லிவிட்டு அவன் மட்டும் சிரித்தான். திமிரைப் பார் என்று நெரெய்தாவுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

மற்றவர்கள் வாசிப்புக் குழுத் தலைவி ஒதிலியாவைப் பார்த்தார்கள். அண்ணனைப் புதைத்த அன்று நெரெய்தாவைத் தாங்கிப் பிடித்து வீடுவரை கூட்டிப் போனவள் ஒதிலியாதான். இந்த வாசிப்பு வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். "பொண்ணு ஆசைப்படுது, படிக்கட்டும்," என்று அவள் கையைத் தூக்கினாள். அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் உயர்ந்தன.

அப்படியொரு நாவலே கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாது. பனி தேசத்து எழுத்தாளர், பரிசு வாங்கிய புத்தகம் என்று நெரெய்தா அளந்ததெல்லாம் சுத்தப் புளுகு. பழைய அட்டைக்குள் செருகியிருந்தது அவளே எழுதிய கதை. புகையிலைக் கிடங்கைத் துறைமுகத்து மாவுக் கிடங்காக மாற்றியிருந்தாள். மற்றதெல்லாம் அண்ணனுக்கு நடந்ததுதான்.

அவள் கணக்கு இதுதான். இலையை நறுக்கும் கத்தி பலகையில் டக் டக்கென்று ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். நெஞ்சில் குற்றம் இருக்கிறவன் கை, கொலை நடக்கும் இடம் வரும்போது தன்னையறியாமல் நின்றுவிடும். மேடையிலிருந்து அது அப்பட்டமாகத் தெரியும்.

பறக்கும் பாம்புக்கு இரண்டு வாரமும் ஏக வரவேற்பு. பிடித்த இடத்தில் எல்லோரும் கத்தியால் பலகையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அதைக் கேட்கக் கேட்க, இவர்களை ஏமாற்றுகிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மூன்றாவது வாரம், வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்த மதியத்தில், அவள் புத்தகத்தைப் பிரித்தாள். கெடுபிடியான சோதனையாளன் வந்தான், மூட்டைகளை எண்ணினான், முதுகைத் திருப்பினான். நெரெய்தா வாசித்துக்கொண்டே போனாள். கண்ணை மட்டும் பெர்மினின் கையிலிருந்து எடுக்கவில்லை.

"மூட்டைகள் சரிந்தன," என்று வாசித்தாள். "அவன் போட்ட அலறல் துறைமுகம் வரைக்கும் கேட்டது."

பெர்மினின் கத்தி நிற்கவில்லை. நறுக்கினான், உருட்டினான், அடுத்த இலையை எடுத்தான். கதை சுவாரசியம் முகத்தில் தெரிந்ததே தவிர, வேறு ஒன்றும் இல்லை. இவ்வளவு நாளாக ஒரு அப்பாவியையா கரித்துக்கொட்டினோம் என்று அவளுக்கு அவமானமாகிவிட்டது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த மண்டபத்தில் கேட்டுக்கொண்டிருந்தது அவன் கத்தி ஒன்றுதான்.

நிமிர்ந்தாள். வரிசை வரிசையாகக் கைகள் பலகைமேல் அசையாமல் இருந்தன. அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன, ஒன்றிலும் கோபமில்லை.

ஒதிலியா எழுந்து, மெதுவாக மேடையேறி வந்து, மைக்கை அணைத்தாள். நெரெய்தாவின் தோளில் கையை வைத்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி பிரியமாகச் சொன்னாள்.

"அவன் அலறலம்மா. நாங்க அலற விடல."