மயில் செய்த உபகாரம்

வீரசோழனில் அப்துல் ரவூப் வீட்டுக் கொல்லையில் ஒரு தக்காளி சிவந்தால் போதும், மயில்கள் வந்துவிடும். பழைய சேலைகளை வேலியாகக் கட்டினார். தகரத்தைத் தட்டினார். எதுவும் பலிக்கவில்லை.

"இருபத்தஞ்சு வருசம் பாலைவனத்துல கெடந்துட்டு வந்தவன, ஒரு தக்காளி திங்க விடுதுகளா பாருங்கக்கா!" என்று பக்கத்து வீட்டுக் கோகிலாம்பாளிடம் புலம்பினார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு வலை வாங்கி வந்து, மறுநாள் காலையிலேயே கொண்டுபோனாள். ரவூப் பள்ளிவாசலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அவர் மனைவி நர்கிஸ், தக்காளிச் செடிகளுக்கு நடுவே சொளகிலிருந்து சோளத்தை அள்ளி அள்ளி இறைத்துக்கொண்டிருந்தாள். சுவர்மேல் நான்கு மயில்கள் காத்திருந்தன.

"அடிப் பாதகத்தி! மயில வரவழைக்கிறது நீதானா?"

நர்கிஸ் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் போடாதீங்கக்கா. அவுக வந்த மொத மாசம் பூராவும் அடுப்படியிலதான் நின்னாக. வெங்காயத்த இப்பிடி நறுக்கு, மீன அப்பிடிக் கழுவுன்னு உசுர வாங்கிட்டாக. இப்ப மயில வெரட்டவே அவுகளுக்குப் பொழுது சரியாயிருது. நான் நிம்மதியா சோறாக்குறேன்."

கோகிலாம்பாள் வலையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"ஏம்மா, நாலு தக்காளி நாத்து இருந்தாக் குடேன். எங்க வீட்டுக்காரவுக கடைய மகன்கிட்ட ஒப்படைச்சுட்டு, அடுத்த வாரத்துல இருந்து வீட்லதான் இருக்கப் போறாகளாம்."