சக்கரம் வைத்த மேசை

கேம் கம்பெனியில் ஓவியராகச் சேர்ந்த முதல் நாள். சக்கரம் வைத்த தன் மேசையை உருட்டிக்கொண்டு வந்தவள், ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க மேனேஜரே கிடையாதாமே சார்? எந்த கேம் பிடிக்குதோ, அங்க மேசையைத் தள்ளிட்டுப் போயிடலாமாமே?"

"ஆமாம்மா. யாரும் யாரையும் வேலை ஏவக் கூடாது. அதான் விதி."

"உங்க கேம்ல ஏன் யாருமே இல்ல?"

"நிறையப் பேர் இருந்தாங்க. நம்மளது சாதுவான படகு கேம். பக்கத்து ரூம்ல டிராகன் கேம் வந்ததும் ஒவ்வொருத்தரா உருண்டு போயிட்டாங்க."

"விதி போட்டவர்கிட்டயே போய், நாலு ஆள் குடுங்கன்னு கேளுங்களேன்."

"தினமும் கேக்கறேன். மனுஷன் மசியமாட்டேங்கிறார்."

"அவ்வளவு பிடிவாதமா? யார் சார் அது?"

"நான்தாம்மா. கம்பெனியே என்னோடதுதான்."

அவள் பதறி எழுந்தாள். பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார்... எனக்கு டிராகன்னா உயிர்."

அவர் குனிந்து அவள் மேசைச் சக்கரத்தின் பூட்டை விடுவித்தார்.

"வாசப்படியில சக்கரம் மாட்டிக்கும். ஒரு பக்கம் நான் தூக்கறேன், வா. பழக்கம்தான்."