இடது கண்ணின் ஓரம்

நெற்றிப்பொட்டில் சீப்பு பட்டாலே உயிர் போகிறது என்றார் அத்தை. மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நெற்றி ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம், தாமதித்தால் பார்வை போய்விடும் என்று மருத்துவர் அன்றே ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினார். அந்த ரத்தக்குழாயில் சிறு துண்டெடுத்துச் சோதித்தது அதற்குப் பிறகுதான். அதில் நோய் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது.

"பாத்தியளா டாக்டர், எனக்கு ஒண்ணுமில்ல. மாத்திரைய நிப்பாட்டிருங்க."

"மாத்திரைதாம்மா வீக்கத்த அழிச்சிருக்கு. தடயம் இல்லன்னா நோயே இல்லன்னு ஆயிடுமா? நிறுத்தினா கண்ணு போயிரும்."

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மாத்திரைக்கு முன்னால, இடது கண்ணு ஓரத்துல செண்பகா வந்து நிப்பா. ஈரத்தலையோட. இப்ப வர்றதில்ல."

செண்பகா அவருடைய மகள். என் மனைவி. இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை.

மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். தண்ணீரை நீட்டினேன்.

"நீங்களே சொல்லுங்க மாப்ள. போடட்டுமா?"

போடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏதாவது பேசுவாளா அத்தை?" என்று கேட்டேன்.