காத்தாட குழுவின் அட்மின்

பன்னிரண்டு மணிக்குள் உறுப்பினர் பட்டியலைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் துணியில்லாத என் போட்டோ என் புகுந்த வீட்டுக்குப் போய்விடும்.

கடை நம்பருக்கே இந்தச் செய்தி வந்தபோது மணி பதினொன்றரை. கதிர்காமத்தில் மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். மிஷினில் பேப்பர் சிக்கியிருந்தது. மிரட்டுகிறவனுக்கு நேரங்காலமே தெரிவதில்லை.

நான் ரோசா. கடைக்கு வருகிறவர்களுக்கு ஜெராக்ஸ் அக்கா. ஆன்லைனில் 'காத்தாட' என்ற குழுவில் இருக்கும் இருநூற்றுப் பதினான்கு பேருக்கு வெறும் அட்மின்.

வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, உடம்பில் துணியில்லாமல் நிம்மதியாக இருக்க விரும்புகிறவர்களின் குழு அது. அவ்வளவுதான். செடி, வெயில், வேர்க்குரு, வீட்டு ஓனர் தொல்லை, இவைதான் பேச்சு. சொன்னால் எவனும் நம்ப மாட்டான். எவனோ புகார் கொடுத்து இரண்டு முறை குழுவையே தூக்கிவிட்டார்கள். இது நான் மூன்றாவது முறையாகக் கட்டியது.

ஆள் நிஜம்தானா என்று நான் தெரிந்துகொள்ள, சேர விரும்புகிறவர் காலண்டரில் அன்றைய தேதித்தாளைக் கிழித்து, உள்ளங்கையில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். கை மட்டும். அதைப் படிக்காமல் தினமும் பத்துப் பேர் முழு உடம்பையும் அனுப்பி வைப்பார்கள். துணியில்லாதவர்கள் குழுவில் துணியில்லாமல் வந்து நிற்பவனைத்தான் முதலில் துரத்துவேன்.

செம்மல் என்ற பேரில் வந்தவன் ஒழுங்காகக் கையைத்தான் அனுப்பினான். மூன்று மாதம் நல்ல பிள்ளையாக இருந்தான். பிறகு பெண்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்ப ஆரம்பித்தான். நேற்று நீக்கினேன். இன்று மிரட்டுகிறான்.

அவன் என்னைக் கண்டுபிடித்தது என் மடத்தனத்தால்தான். தாளை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று புதியவர்களுக்குக் காட்ட நானே ஒரு மாதிரிப் படம் போட்டிருந்தேன். பின்னால் சுவரில் காலண்டர். அதன் அடியில் என் கடைப் பெயரும் போன் நம்பரும். முகத்தை மறை, பெயரை மறை என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவள், புது வருஷத்துக்கு என் கடையே அச்சடித்த காலண்டரை மாட்டி வைத்திருந்தேன்.

"மொகம் தெரியலன்னு நெனைக்காத. அந்த முதுகைப் பாத்தா ஒங்க ஆளுங்களுக்கு யாருன்னு நல்லாவே தெரியும்" என்று எழுதியிருந்தான். கடைப் பெயரை வைத்து எங்கெங்கோ விசாரித்திருக்கிறான்; கீழே என் மாமியார், நாத்தனார், கொழுந்தன் லூர்துநாதன் மூவருடைய எண்களும்.

பயந்தேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டிய என் மொட்டை மாடியில், போன வருஷம் ஒரு காலையில் நானே டைமர் வைத்து, முதுகைக் காட்டி நின்று எடுத்த படம் அது. குழுவில் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைச்சாவடி ஊர்க்காரர் ஒருவர் மட்டும், பக்கத்துத் தொட்டியில் இருப்பது கற்பூரவல்லியா என்று கேட்டார். அன்றைக்கு அப்படி அழுதேன்.

குழுவில் சேரும்போது அவர்கள் கொடுத்த உண்மைப் பெயரும் எண்ணும் என்னிடம் மட்டும்தான் இருக்கின்றன. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி இருக்கிறாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர் இருக்கிறார். போன மாதம் கல்யாணமான பெண் இருக்கிறாள். பட்டியலைக் கொடுத்தால் நாளைக்கு அத்தனை பேர் வீட்டு வாசலிலும் இவன் போய் நிற்பான். என் ஒருத்தி மானத்துக்கு அத்தனை பேரா? முடியாது.

"அக்கா, என்னுது ஆயிடுச்சா? ஸ்பைரல் போடணும்" என்றாள் வரிசையில் முதலில் நின்ற பெண்.

"செத்த இரும்மா. ஒரு போட்டோ அனுப்பிட்டு வந்துடறேன்."

செம்மலுக்கு எழுதினேன்: "ஒனக்கு வேலை மிச்சம். நானே அனுப்பறேன்."

புகுந்த வீட்டுக் குடும்பக் குழுவைத் திறந்தேன். காலையில் லூர்துநாதன் போட்ட வேதவசனத்துக்குக் கீழே வரிசையாகப் பதினாறு ஆமென். என் மகன் ஆரோனும் போட்டிருந்தான். அப்பா இல்லாத பிள்ளை. சித்தப்பா என்றால் அவனுக்கு உயிர். விரல் அவன் பெயர் மேல்தான் நின்றது. அவனும் பார்க்கட்டும்.

படத்தைச் சேர்த்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை உருகி இறுகிப்போன தோல். இருபத்திரண்டு வருஷமாகக் காலர் வைத்த ஜாக்கெட்டுக்குள் நான் புழுங்க வைத்த தோல். முன்பக்கம் ஒரு பொட்டுத் தழும்பு கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு மாஜிஸ்திரேட் வந்து கேட்டபோது நானும் ஸ்டவ் வெடித்தது என்றுதான் சொன்னேன். ஒன்பது மாதக் குழந்தை ஆரோனைத் தோளில் போட்டுக்கொண்டு லூர்துநாதன் என் வாயையே பார்த்தபடி கதவருகில் நின்றிருந்தான்.

படத்துக்குக் கீழே டைப் செய்தேன். திரும்பப் படித்துப் பார்க்கக்கூட இல்லை. அனுப்பினேன்.

"அத்தை, ஸ்டவ் வெடிச்சிதுன்னுதானே எல்லார்கிட்டயும் சொன்னீங்க? அடுப்புக்கு முதுகக் காட்டிக்கினா நான் சமைச்சேன்?"